நிலநடுக்கம் வந்தால் வீட்டுக்குள் எங்கே ஒதுங்குவது? அத்தைக்கு முழங்கால் மடங்காது

நிஷிகசாய்மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். தோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. ஏழு மாடிக் கட்டடம், நாங்கள் நான்காவது மாடி. போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஓர் ஆட்டம். ஜப்பான் கணக்கில் 3 தான் (ஓர் இடம் எவ்வளவு ஆடியது என்பதற்கு 7 வரை போகும் அளவு, ரிக்டர் இல்லை). பக்கத்து வீட்டுக்காரர்கள் புரண்டுகூடப் படுத்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் நடந்ததுதான் கூத்து. கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் கதவைப் பார்த்து ஓடினார். நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை (கணவரின் அம்மா, 71 வயது) அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு "நிலையில வந்து நில்லுங்க, நிலை விழாது" என்று சத்தம் போடுகிறார். ஒரே வீட்டில் ஆளுக்கொரு திசை. ஆட்டம் நின்ற பிறகுதான் யார் எங்கே என்று தேடினோம்.

மறுநாள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு மாமா "உயிர் முக்கோணம்" என்று நீளமாக ஒன்றை அனுப்பினார். மேசைக்கு அடியில் போனவர்கள் எல்லாரும் நசுங்கிச் செத்தார்களாம். சோபாவுக்கோ கட்டிலுக்கோ பக்கத்தில் சுருண்டு படுக்க வேண்டுமாம்.

எதுதான் சரி? அத்தைக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. மேசைக்கு அடியில் போகச் சொன்னால், ஆட்டம் முடிந்து காபி போட்டுக் குடித்த பிறகுதான் உள்ளே போய்ச் சேருவார்.

நெல்லைச்சீமை:
அந்தச் செய்தியைச் சும்மா தள்ளிவிடாதீர்கள் சகோதரி. இடிந்த கட்டடங்களின் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். பீரோ, கட்டில் பக்கத்தில் முக்கோணமாக இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. மேலே இருக்கிற கான்கிரீட் தளம் அப்படியே இறங்கினால் உங்கள் மேசை என்ன ஆகும்? அப்பளம்.

தோபாயோ12:
சிங்கப்பூரில் எங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. சுமத்ராவில் அதிர்ந்தால் இங்கே மேல்மாடியில் விளக்கு ஊஞ்சலாடும், அவ்வளவுதான். 2007 மார்ச் 6 அன்று அலுவலகத்தில் நாற்காலி தானாக நகர்ந்த மாதிரி இருந்தது. தலைசுற்றல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டேன். கீழே இறங்கிப் பார்த்தால் ஊரே சாலையில் நிற்கிறது.

கம்பிக்கட்டு:
கட்டுமானப் பொறியாளனாக முப்பது வருடம் ஓட்டியவன். அதில் பாதி அகமதாபாத்தில். குஜராத் நடுக்கம் வந்த 2001 ஜனவரி 26 காலை 8:46க்கு அங்கேதான் இருந்தேன். நெல்லைச்சீமை தம்பி கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன்: தளம் தட்டையாக இறங்கிவிட்டால் மேசை காப்பாற்றாது. ஆனால் பீரோவின் பக்கமும் காப்பாற்றாது. அந்த நிலைமையில் பிழைப்பது அதிர்ஷ்டம், இடத்தேர்வு இல்லை.

அந்த முக்கோணச் செய்தி எங்கே சறுக்குகிறது என்றால், எல்லாக் கட்டடமும் விழும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. நடப்பது அப்படி இல்லை. தைவானில் 2016 பிப்ரவரி 6 நடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவர்கள் 117 பேர். அதில் 115 பேர் தைனான் நகரில் சாய்ந்து விழுந்த ஒரே ஒரு குடியிருப்பில் இருந்தவர்கள். சுற்றி எத்தனை ஆயிரம் கட்டடங்கள் நின்றன! அவற்றுக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்து கூரையிலிருந்து வரவில்லை. அலமாரி, தொலைக்காட்சிப் பெட்டி, கண்ணாடி, சமையலறைத் தட்டு, இவற்றிலிருந்துதான் வந்திருக்கும்.

இன்னொன்று. சோபா பக்கத்தில் படுங்கள் என்கிறார்களே, பலமான ஆட்டத்தில் சோபா ஓரிடத்தில் நிற்குமா? பீரோ உங்கள் மேலேயே சாயும். தளம் எந்தப் பக்கம் சாயும், இடைவெளி எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? இடிந்த பிறகு எடுத்த படத்தில் இடைவெளி தெரியும்தான். ஆனால் அந்தப் படம் எடுக்கப்படும் முன் அந்தப் பீரோ எங்கெங்கே போய் வந்தது என்பது படத்தில் தெரியாது. முக்கோணத்துக்கு ஆதாரமாகச் சொல்கிற துருக்கிச் சோதனை ஒன்று உண்டு. அதில் கட்டடத்தை ஆட்டவே இல்லை. இயந்திரத்தை வைத்துத் தூண்களை இடித்துத் தள்ளினார்கள். அது கட்டடம் இடிக்கும் வேலை, நிலநடுக்கம் இல்லை.

நெல்லைச்சீமை:
சரி, சோதனை விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் வெளியே ஓடுவதில் என்ன தப்பு? கூரையே இல்லாத இடம்தானே எல்லாவற்றையும்விட நல்லது?

கம்பிக்கட்டு:
வெளியே என்று சொன்னதும் உங்கள் மனதில் வயல்வெளி வருகிறது. நான் சொன்ன 2001 நடுக்கத்தன்று குடியரசு தினம். குஜராத்தின் கட்ச் பகுதியில் அஞ்சார் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். குறுகலான தெரு. இரண்டு பக்கமும் பழைய வீடுகள். நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள், கூடவே ஆசிரியர்கள், தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள், சரிந்த சுவர்களுக்கு அடியில் போனார்கள். கட்டடத்தை ஒட்டிய தெரு வெளி ஆகாது. கைப்பிடிச் சுவர், பால்கனி, தண்ணீர்த் தொட்டி, பெயர்ப்பலகை எல்லாம் விழுகிற இடமே அதுதான்.

மயூர்விஹார்வாசி:
சார், தில்லியில் இருந்து கேட்கிறேன். நாங்கள் மூன்றாவது மாடி. தரைத்தளம் முழுக்க ஸ்டில்ட் பார்க்கிங். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 வந்தபோது இங்கேயும் நன்றாகவே ஆடியது. மொத்தக் குடித்தனமும் படியிறங்கிக் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். ஒவ்வொரு தடவையும் இதே பழக்கம்தான். தப்பா?

கம்பிக்கட்டு:
ஐயோ. தப்புத்தான். அகமதாபாத்தில் நான் பார்த்தவற்றில் விழுந்த கட்டடங்கள் நிறைய இந்த ரகம். நடுக்கத்தின் மையம் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. ஆனாலும் விழுந்தன. மேலே எல்லா மாடியிலும் செங்கல் சுவர் இருக்கிறது, கெட்டி. கீழே வண்டி நிறுத்த வேண்டுமென்று சுவரே இல்லாமல் தூண் மட்டும். ஒரு பெரிய பெட்டியை நான்கு குச்சியில் நிறுத்தியது மாதிரி. ஆட்டம் வந்தால் வளைவது முழுக்க அந்தக் குச்சிகள்தான். சரியாகக் கம்பி கட்டாவிட்டால், வளையங்களை நெருக்கமாகப் போடாவிட்டால், முதலில் உட்காருவது அந்தத் தளம். நீங்கள் ஓடிப்போய் நிற்பதும் அதே இடத்தில்.

படிக்கட்டும் அப்படித்தான். தளங்கள் ஒரு மாதிரி ஆடும், படி அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். விரிசல் முதலில் அங்கே தெரியும். மூன்று மாடியை எத்தனை நொடியில் இறங்குவீர்கள், அதுவும் பாட்டி, குழந்தையோடு? பெரும்பாலும் நீங்கள் படியில் இருக்கும்போதே பலமான ஆட்டம் முடிந்துவிடும். நின்ற பிறகு இறங்குங்கள். இறங்கி, பார்க்கிங்கில் நிற்காமல், கட்டடத்தின் உயரம் அளவுக்காவது தள்ளிப் போய் நில்லுங்கள்.

மயூர்விஹார்வாசி:
பூங்கா எதிரிலேயே இருக்கிறது சார். இத்தனை நாள் வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறோம். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வைகைமணல்:
எங்கள் ஊர் மண்வீட்டில், ஓட்டு வீட்டில் இருப்பவருக்கும் இதே அறிவுரைதானா? என் அப்பா மகாராஷ்டிரத்து லாத்தூர் நடுக்கத்துக்குப் பிறகு நிவாரண வேலைக்குப் போனவர். அங்கே கட்டிலுக்கு அடியில் போனாலும் பிரயோசனம் இருந்திருக்காது என்பார்.

கம்பிக்கட்டு:
உங்கள் அப்பா சொன்னது உண்மை. 1993 செப்டம்பர் 30, விடிகாலை 3:56. கில்லாரி சுற்றுவட்டாரத்தில் அளவு 6.2 தான். ஆனால் பத்தாயிரம் பேர் அளவில் போய்விட்டார்கள். பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிய ராத்திரி. சுவர்கள் கருங்கல், சேற்றுச் சாந்து, இரண்டடிக்குக் குறையாத கனம். கூரை மேல் வெயிலுக்காகக் கொட்டிய மண் வேறு. ஆட்டத்தில் சுவர் உள்பக்கமும் வெளிப்பக்கமும் பிளந்துகொண்டு, கூரையோடு இறங்கியது. அப்படிப்பட்ட வீட்டில், நீங்கள் விழித்திருந்து, தரைத்தளத்தில் இருந்து, கதவு நாலெட்டில் இருந்து, வெளியே திறந்த முற்றமும் இருந்தால், வெளியேறுவதுதான் புத்தி. நான்கில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடும். ஆகவே எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் நிஷிகசாய் நான்காவது மாடிக்குப் பதில் உண்டு. அதை ஜப்பானில் இருக்கிறவர் சொல்வதுதான் முறை.

சென்டாய்க்காரன்:
கூப்பிட்டீர்களா? வந்துவிட்டேன். (ஊர்ப் பெயரை 'செந்தாய்' என்று எழுதி, அம்மன் கோயில் ஊரா என்று என் பாட்டி கேட்டதுண்டு.)

2011 மார்ச் 11, மதியம் 2:46, ஜப்பானின் பெருநடுக்கம். சென்டாயில் நான் இருந்த ஆய்வகம் நான்காவது மாடி. முதலில் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. நடுக்கத்தின் முதல் அலை நொடிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஆட்டிப் படைக்கிற இரண்டாவது அலை நொடிக்கு நாலு கிலோமீட்டர் அளவில்தான் வரும். அந்த இடைவெளியில் எச்சரிக்கை வந்துவிடுகிறது. பொதுமக்களுக்கு 2007 அக்டோபரில் இருந்து இது கிடைக்கிறது. மையம் காலடியிலேயே இருந்தால் எச்சரிக்கைக்கு முன்பே ஆட்டம் வந்துவிடும். அது வேறு விஷயம்.

எனக்கு எதிரில் இருந்த ஜப்பானியப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. மேசைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் 'சும்மா 4 ஆக இருக்கும்' என்று நின்றேன். அடுத்த பத்தாவது நொடியில் நிற்க முடியவில்லை. நடக்கவும் முடியவில்லை, தவழ்ந்துதான் போனேன். ஆகவே "எங்கே ஓடுவது" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: ஓட விட்டால்தானே? பெரிய நடுக்கத்தில் நீங்கள் போக முடிவது இரண்டு மூன்று தப்படி. அந்த இரண்டு மூன்று தப்படிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மேசைக் காலை ஏன் பிடிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மேசை நடந்துபோகிறது! பிடிக்காவிட்டால் நீங்கள் ஒரு பக்கம், மேசை ஒரு பக்கம். மூன்று நிமிடத்துக்கும் மேல் ஆடியது. என் இருக்கைக்குப் பின்னால் இருந்த புத்தக அலமாரி, நான் நின்றிருந்த இடத்தில்தான் விழுந்து கிடந்தது. கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்தால் பனி பெய்துகொண்டிருந்தது. மேலங்கி உள்ளே மாட்டிக்கொண்டது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த அலமாரியை நிமிர்த்தி, புத்தகங்களை அழகாக அடுக்கி, சுவரோடு பிணைக்காமல் விட்டோம். ஏப்ரல் 7 ராத்திரி பெரிய பின்னதிர்வு ஒன்று வந்தது. மறுபடி அதே அலமாரி, அதே இடத்தில்.

நிஷிகசாய்மருமகள்:
அண்ணா, படிக்கும்போதே கை நடுங்குகிறது. அப்போ எங்கள் கட்டடம் நிற்கும் என்று நம்பலாமா? வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று என் கணவர் சொல்கிறார்.

சென்டாய்க்காரன்:
தங்கச்சி, வீட்டு ஒப்பந்தத்தில் கட்டிய வருடம் இருக்கும், பாருங்கள். 1981 ஜூன் மாதத்தில் விதியை மாற்றினார்கள். அதற்குப் பிறகு அனுமதி வாங்கிய கட்டடம், ஜப்பான் கணக்கில் '6 மேல்' (5, 6 இரண்டையும் இங்கே கீழ், மேல் என்று பிரிப்பார்கள்), 7 அளவு ஆட்டத்திலும் மக்கள் மேல் இடிந்து விழக் கூடாது என்ற நோக்கத்தில் வடிவமைக்கப்பட்டது. சேதமாகலாம், ஆனால் தளம் இறங்கக் கூடாது என்பது கணக்கு. அதற்கு முந்தையது என்றால் வேறு வீடு பார்ப்பது பற்றி யோசிக்கலாம்.

1995இல் கோபேயில் 6,434 பேர் இறந்தார்கள். விடிகாலை 5:46, எல்லாரும் படுக்கையில். பழைய மரவீடுகள், மேலே கனத்த ஓடு. கீழ்த்தளம் மடங்கி மேல்தளம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கீழே தூங்கிய தாத்தா பாட்டி போய்விட, மாடியில் தூங்கிய பேரப்பிள்ளைகள் ஜன்னல் வழியாக நேராகத் தெருவில் இறங்கி நடந்த வீடுகள் உண்டு. அதனால் பழைய மரவீட்டில் இருப்பவர்கள் மாடியில் படுப்பது நல்லது என்பார்கள்.

கதவைத் திறப்பது சரிதான், ஆனால் ஆட்டம் தணிந்த பிறகு. நிலை கோணிக்கொண்டால் கதவு சிக்கிவிடும் என்பதற்காகத்தான் அது. ஆடும்போது கதவை நோக்கிப் பாய்வதற்கு இல்லை.

வைகைமணல்:
நிலையில் நிற்கிற வழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது?

கம்பிக்கட்டு:
இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் உண்டு. இடிந்த பச்சைமண் கட்டி வீட்டில் வாசல் நிலை மட்டும் தனியாக நிற்கிற பழைய படங்களைப் பார்த்து வந்த நம்பிக்கை என்பார்கள். நம் ஊரில் தேக்கு நிலை, இரண்டாள் தூக்க முடியாத கனம். அந்த வீட்டில் சுவரைவிட நிலை கெட்டி, அதனால் அத்தையின் சொல்லில் ஒரு காலத்து நியாயம் உண்டு. தோக்கியோ அடுக்குமாடியில் அறைக்கதவின் சட்டம் ஜிப்சம் சுவரில் ஒட்டிய பலகை. அது எதையும் தாங்கவில்லை. நின்றுகொண்டிருப்பதால் ஆளும் விழுவார், ஆடுகிற கதவு விரலையும் நசுக்கும்.

சென்டாய்க்காரன்:
ஜப்பானிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு: கழிவறைக்குள் ஓடுவது. சின்ன அறை, நாலு மூலையிலும் தூண், அதனால் பத்திரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கதவு சிக்கிக்கொண்டால் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். ஏற்கெனவே உள்ளே இருந்தால் கதவைத் திறந்துவிட்டுத் தலையைக் காத்துக்கொள்ளலாம். தேடிப்போய் நுழைய வேண்டியதில்லை.

தோபாயோ12:
எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் கனத்த இரும்புக் கதவு போட்ட பதுங்கு அறை இருக்கிறது. அதில் போய் நிற்கலாம் என்று மனைவி சொல்வாள். உள்ளே நிற்க இடம் எங்கே? அரிசி மூட்டை, பழைய சைக்கிள், தீபாவளி விளக்கு.

அடுப்படிராணி:
யாருமே அடுப்பைப் பற்றிப் பேசவில்லையே? குழம்பு கொதிக்கும்போது வந்தால் முதலில் அணைக்க வேண்டாமா?

சென்டாய்க்காரன்:
நல்ல கேள்வி அக்கா. முன்பு இங்கே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். 1923 செப்டம்பர் 1, மதியம் 11:58, எல்லா வீட்டிலும் அடுப்பு எரிகிற நேரம். தோக்கியோ, யோகோஹாமாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்ததில் பெரும்பகுதி தீயால்தான். அதனால் 'நிலநடுக்கமா, தீயை அணை' என்பது தாரக மந்திரமாக இருந்தது. இப்போது மாற்றிவிட்டார்கள். எரிவாயு மீட்டர் '5 மேல்' அளவுக்கு ஆடினால் தானாகவே வாயுவை நிறுத்திவிடும். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை நோக்கிக் கையை நீட்டினால் அது உங்கள் மேல்தான் கவிழும். அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று, ஆட்டம் லேசாக இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் விலகி, முதலில் தலை, பிறகு தீ. ஆட்டம் நின்றதும் அணைக்கலாம். வாயு திரும்ப வராவிட்டால் மீட்டரில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் வந்துவிடும், கசிவு வாசனை இல்லை என்று பார்த்த பிறகு.

நெல்லைச்சீமை:
சரி, மேசைக் கட்சி ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லவே இல்லையே. முழங்கால் மடங்காதவர் என்ன செய்வார்?

கம்பிக்கட்டு:
தம்பி தலைப்புக்கு இழுத்து வந்துவிட்டார், நன்றி. குனிய முடியாதவர் குனிய வேண்டாம். நாற்காலியில் இருந்தால் அங்கேயே முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் கழுத்தையும் தலையையும் மூடிக்கொள்ளட்டும். மடியில் தலையணை இருந்தால் அதைத் தலைமேல். படுத்திருந்தால் எழவே வேண்டாம். குப்புறத் திரும்பித் தலையணையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு அப்படியே இருக்கட்டும். இருட்டில் எழுந்து வெறுங்காலோடு கண்ணாடித்துண்டில் நடப்பவர்கள்தான் நிறையக் காயப்படுகிறார்கள். கட்டில் பக்கத்திலேயே செருப்பு வையுங்கள்.

ஆனால் படுக்கையிலேயே இருங்கள் என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அம்மா, அத்தை தலைமாட்டுக்கு மேலே என்ன இருக்கிறது?

நிஷிகசாய்மருமகள்:
சார்... இப்போதுதான் எழுந்துபோய்ப் பார்த்தேன். தத்தாமி (ஜப்பானியப் பாய் பதித்த) அறையில், உயரமான அலமாரியை ஒட்டித்தான் படுக்கை விரிக்கிறோம். அலமாரிக்கு மேல் அத்தையின் பூஜை. இரண்டு பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கலப் பிள்ளையார் (மூன்று கிலோ இருப்பார்), கண்ணாடிச் சட்டம் போட்ட முருகன் படம். எல்லாம் அத்தை தலைக்கு நேர் மேலே.

சென்டாய்க்காரன்:
போன வாரம் 3 என்பதால் பிள்ளையார் பொறுத்துக்கொண்டார்.

அடுப்படிராணி:
சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு மேலேதான் பரண். பித்தளை அண்டா இருக்கிறது.

கம்பிக்கட்டு:
இங்கேதான் இந்த இழையில் பேசிய எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை இருக்கிறது. மேசையா முக்கோணமா என்று ஆட்டத்தின்போது யோசிக்க ஐந்து நொடி கிடைத்தால் அதிகம். விளக்கை இறக்கி வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிடைக்கிறது. பூஜையைக் கீழே, தரையோடு ஒட்டிய தாழ்வான மேடைக்கு மாற்றுங்கள். அலமாரியைப் பிணையுங்கள். படுக்கையை அலமாரியின் உயரத்தைவிட அதிக தூரம் தள்ளி விரியுங்கள், விழுந்தாலும் ஆள் மேல் விழாதபடி.

நிஷிகசாய்மருமகள்:
அத்தையிடம் பேசினேன். சாமியைத் தரையோடு வைப்பதா என்று ஒரே கோபம். அரை நாள் பேச்சே இல்லை. சாயங்காலம் தானாகவே வந்து, "சாமியை நகர்த்த வேண்டாம், நான் நகர்ந்துக்கிறேன்" என்று படுக்கையைச் சுருட்டிக்கொண்டு எதிர்ச் சுவர்ப் பக்கம் போய்விட்டார். பிள்ளையாரையும் விளக்கையும் மட்டும் "அவருக்கு அடிபடக் கூடாது" என்று தன் கையாலேயே இறக்கிக் கீழ்த்தட்டில் வைத்தார். முருகன் மேலேயே இருக்கிறார், கண்ணாடியை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருக்கிறோம்.

இனி வீட்டில் பேசி வைத்தது: யார் எந்த அறையில் இருக்கிறாரோ அங்கேயே. குழந்தை யார் கையில் இருக்கிறதோ அவர் குழந்தையைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு குனிய வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது (கணவருக்காகவே எழுதியது).

ஒரே சந்தேகம். வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க விட மாட்டார்கள். அலமாரியை எப்படிப் பிணைப்பது?

சென்டாய்க்காரன்:
அலமாரி மேலுக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக் கொடுக்கிற கம்பி ஜோடியாக வீட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். 'சுப்பரி போ' என்று கேளுங்கள். இரண்டு ஓரத்திலும், முன்பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கமாக வைக்க வேண்டும். கூடவே அலமாரியின் முன்காலுக்கு அடியில் சரிவான ரப்பர் பட்டை ஒன்றைச் செருகினால் சுவரைப் பார்த்துச் சற்றே சாய்ந்து நிற்கும்.

நிஷிகசாய்மருமகள்:
வாங்கி மாட்டினோம். இறுக்கினால் கூரை மெத்தென்று உள்ளே போகிறது. தட்டினால் டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்கிறது.

கம்பிக்கட்டு:
ஜிப்சம் பலகை. உள்ளே மரச்சட்டம் இல்லாத இடத்தில் முட்டுக் கொடுக்கிறீர்கள். இரண்டு கம்பிக்கும் பொதுவாக மேலே ஒரு நீளப் பலகையை வைத்து, அதன்மேல் முட்டுக் கொடுங்கள். பாரம் பரவிவிடும்.

நிஷிகசாய்மருமகள்:
பலகை எவ்வளவு கனம் இருக்கட்டும் சார்?

கம்பிக்கட்டு:
கையால் வளைத்தால் வளையாத அளவுக்கு. அலமாரி அகலம் முழுக்க வரட்டும்.

நிஷிகசாய்மருமகள்:
கிடைத்துவிட்டது. அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்த சப்பாத்திப் பலகை சின்னது, அதனால் கடையில் தனியாக அறுத்து வாங்கினோம். இப்போது ஆட்டினாலும் அசையவில்லை.